செம்பெயர்ச்சி: எந்த விளக்கத்தில் பாடத்தைத் தொடங்குவது?

தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளி ஏன் நிறமாலையின் சிவப்புப் பக்கம் நகர்ந்து வந்து சேர்கிறது என்ற கேள்விக்கு நான்கு விடைகள் புழக்கத்தில் உள்ளன. அந்தத் திரள்கள் நம்மை விட்டு விலகி ஓடுகின்றன என்பது ஒன்று. ஒளி வழியில் இருக்கும்போதே பிரபஞ்சம் விரிவதால் அலைநீளமும் கூடுகிறது என்பது மற்றொன்று. ஈர்ப்பை மீறி வெளியேறும் ஒளி ஆற்றலை இழக்கிறது என்பது மூன்றாவது. நெடுந்தொலைவு வருவதாலேயே ஒளி சோர்ந்துபோகிறது என்பது நான்காவது. கோடைக்கானலிலும், மேற்கே பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து ஊர்களிலும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தர முன்வரும் ஆசிரியர், இவற்றில் எதைக் கொண்டு பாடத்தைத் தொடங்குவது, எதை எங்கே வைப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். பெரும்பாலோர் பழக்கத்தின் காரணமாக முதல் விடையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது என்பதும், தொடக்கத்தை மாற்றினால் மற்ற மூன்றும் தத்தம் இடத்தில் தாமாகவே அமர்ந்துகொள்ளும் என்பதும் என் கருத்து.

ஒப்பிடுவதற்கு முன், அளக்கப்படுவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். எந்த வானியலாளரும் ஒரு விண்மீன் திரளின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. நிறமாலையில் ஒரு கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறார். சூரிய நிறமாலையின் ஊதா முனையில் கால்சியம் உண்டாக்கும் இரண்டு அகலமான கருங்கோடுகள் உள்ளன. 393.4 நானோமீட்டரில் இருப்பது கே கோடு, 396.8 நானோமீட்டரில் இருப்பது எச் கோடு. கோடைக்கானல் சூரிய வானாய்வகம், இந்தக் கே கோட்டின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, சூரியனை நூறாண்டுக் காலம் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறது. அதே இரு கோடுகள்தாம் தொலைதூரத் திரள்களின் மங்கலான நிறமாலையிலும் கிடைக்கின்றன. அமெரிக்க வானியலாளர் ஹப்பிளுடன் பணியாற்றிய ஹியூமேசன் இரவிரவாகக் காத்திருந்து ஒளித்தகட்டில் பதியவைத்து அளந்த கோடுகளும் இவையே. மலைப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு நுழைவாயில் கிடைக்காது.

ஒரு திரளின் ஒளியில் கே கோடு 432.7 நானோமீட்டரிலும் எச் கோடு 436.5 நானோமீட்டரிலும் தென்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் பழைய எண்ணால் வகுத்தால் இரண்டிலும் 1.1 என்ற ஒரே விகிதம் வரும். இரு கோடுகளுக்கும் நடுவே 3.4 நானோமீட்டராக இருந்த இடைவெளியும் அதே விகிதத்தில் கூடி ஏறத்தாழ 3.7 ஆகியிருக்கும். அந்த விகிதத்திலிருந்து 1-ஐக் கழித்தால் மிஞ்சும் 0.1 என்பதே அந்தத் திரளின் செம்பெயர்ச்சி. கோடுகள் எல்லாம் ஒரே தூரம் தள்ளிப்போவதில்லை, ஒரே விகிதத்தில் நீள்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். செம்பெயர்ச்சி என்றால் திரள் சிவப்பாகத் தெரியும் என்ற தவறான எண்ணமும் அப்போதே விலகும். புலப்படும் ஒளி சிவப்பை நோக்கிப் போகும்போது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. நான்கு விடைகளும் விளக்க முயல்வது இந்த விகிதத்தைத்தான்.

விலகும் பொருளிலிருந்து வரும் அலை நீண்டு வந்து சேர்வதாகிய டாப்ளர் விளைவு என்னும் முதல் விடைக்குள்ள பெரிய பலம், பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதே. பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைகள் பாடத்தில் அது இருக்கிறது. மலைப்பாதையில் நம்மைக் கடந்துபோன பேருந்தின் ஹாரன் ஓசை சட்டெனத் தாழ்வதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒளிக்கும் அது பொருந்தும் என்பதற்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. 1907-ல் கோடைக்கானலுக்கு வந்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, புள்ளியைச் சூழ்ந்த புறநிழல் பகுதியில், சூரிய விளிம்பை நோக்கிய பக்கத்தில் கோடுகள் சிவப்பை நோக்கியும், வட்டின் மையத்தை நோக்கிய பக்கத்தில் நீலத்தை நோக்கியும் சாய்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாற்புறமும் நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில் கிடையாக வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அதன் பொருள். உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என்று வழங்கப்படுவது இந்த மலையில் கண்டறியப்பட்ட இந்த டாப்ளர் பெயர்ச்சிதான். இந்த வேகத்தில் 500 நானோமீட்டர் அளவிலுள்ள ஒரு கோடு நகரும் தூரம் வெறும் 0.003 நானோமீட்டர். அவ்வளவு நுட்பமான அளவீட்டைச் செய்து முடித்த இடத்தில் நின்று டாப்ளரைச் சொல்லித்தருவதில் ஒரு நிறைவு இருக்கிறது.

விண்மீன் திரள்களிலும் கதை டாப்ளரில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-ல் அண்டைத் திரளான ஆண்ட்ரோமீடாவின் நிறமாலையை எடுத்து, அது நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கி வருவதாகக் கணக்கிட்டார். 1917-க்குள் அவர் அளந்த 25 சுருள் வடிவத் திரள்களில் 21 விலகிச் செல்பவையாக இருந்தன. 1927-ல் பெல்ஜிய வானியலாளர் லெமைத்ரும் 1929-ல் ஹப்பிளும் தொலைவு கூடக் கூடச் செம்பெயர்ச்சியும் கூடுகிறது என்ற தொடர்பை முன்வைத்தபோதும், செம்பெயர்ச்சியை வேகமாக மாற்றித்தான் எழுதினார்கள். அருகிலுள்ள திரள்களுக்கு இந்த மாற்றம் சரியாகவே வேலை செய்கிறது. செம்பெயர்ச்சியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் வேகம் வந்துவிடும், 0.01 செம்பெயர்ச்சி என்றால் நொடிக்கு 3,000 கிலோமீட்டர்.

இடறல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட நீலகிரியிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவு தரும் சாய்வைப் பயன்படுத்திப் பூமியின் அச்சுக்கு இணையாக, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் நிறுவப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. ஹைட்ரஜன் அணு தானாக உமிழும் ரேடியோ அலையின் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 21 சென்டிமீட்டர். 1420.4-ஐ 326.5-ஆல் வகுத்தால் 4.35 வரும். ஆகவே, முத்தோரையின் அதிர்வெண்ணில் ஹைட்ரஜனின் குரல் கேட்க வேண்டுமானால், அது 3.35 செம்பெயர்ச்சி கொண்ட தொலைவிலிருந்து, 21 சென்டிமீட்டர் அலை ஏறத்தாழ 92 சென்டிமீட்டராக நீண்டு வந்திருக்க வேண்டும். இப்போது பெருக்கல் முறையைப் போட்டால் விலகும் வேகம் ஒளியின் வேகத்தைப்போல் 3.35 மடங்கு என்று வரும்; கூர்மையான மாணவர் உடனே கையைத் தூக்குவார். சிறப்புச் சார்பியலின் டாப்ளர் சூத்திரத்தைப் போட்டால் ஒளியின் வேகத்தில் 90 விழுக்காடு என்று வரும். கை இறங்கிவிடும், ஆனால் விடை சரியாகிவிடாது. ஏனென்றால் அந்தச் சூத்திரம், தட்டையான, மாறாத வெளியில் இரண்டு பொருள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் நிலைக்கு உரியது. அந்த 90 விழுக்காடு எந்தத் தருணத்து வேகம், ஒளி புறப்பட்டபோதா, வந்து சேர்ந்தபோதா என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

பிரபஞ்ச விரிவு என்னும் இரண்டாவது விடை இந்த இடத்தில்தான் தன் எளிமையைக் காட்டுகிறது. ஒளி புறப்பட்ட காலத்துக்கும் வந்து சேர்ந்த காலத்துக்கும் இடையே, ஒன்றோடொன்று ஈர்ப்பால் பிணைக்கப்படாத திரள்களின் இடைத்தொலைவு எத்தனை மடங்கு பெருகியதோ, ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு பெருகியிருக்கும். பொதுச் சார்பியலிலிருந்து 1922-ல் ரஷ்யக் கணிதவியலாளர் ஃபிரீட்மானும், பின்னர் லெமைத்ரும் வருவித்த விரியும் பிரபஞ்சத்தின் நேரடி விளைவு இது. முத்தோரைக் கணக்கில் வந்த 4.35 என்ற எண்ணுக்கு வேறு விளக்கமே தேவையில்லை. அந்த அலை புறப்பட்டபோது திரள்களுக்கு இடையிலான தொலைவுகள் இப்போதுள்ளதில் 4.35-ல் ஒரு பங்காக இருந்தன. அது புறப்பட்டு ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வேகம் என்ற சொல்லே இந்த வாக்கியங்களில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செம்பெயர்ச்சி 14-ஐத் தாண்டிய திரள்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்திருக்கிறது என்ற செய்தியையும் இதே முறையில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அந்த ஒளி கிளம்பியபோது தொலைவுகள் இன்றையதில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 121.6 நானோமீட்டரில், ஆழ்ந்த புற ஊதாவில் இருக்க வேண்டிய ஹைட்ரஜனின் தடம், அங்கிருந்து வரும்போது 1,800 நானோமீட்டரையும் கடந்து அகச்சிவப்புக்குள் போய்விடுகிறது. அந்தத் தொலைநோக்கியை அகச்சிவப்புக்கென்றே அமைத்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்த விடைக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. வெளி நீள்கிறது, அதனால் அலையும் இழுபடுகிறது என்று சொன்ன மாத்திரத்தில், அப்படியானால் பழனி மலையும், என் கையிலுள்ள அளவுகோலும், அணுக்களும் நீள்கின்றனவா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீள்வதில்லை. மின்விசையால் கட்டுண்ட பாறையும், ஈர்ப்பால் கட்டுண்ட சூரியக் குடும்பமும், பால்வழியும், பால்வழியோடு பிணைந்த ஆண்ட்ரோமீடாவும் இந்த விரிவில் பங்குகொள்வதில்லை. வெளியை ஏதோ ஒரு பொருளாக உருவகித்து, அது ஒளியைப் பிடித்து இழுப்பதாகச் சொல்வது கேட்க நன்றாக இருந்தாலும், அந்த உருவகத்தை விரிவாக வளர்க்காமல் விகிதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதோடு, முதல் இரண்டு விடைகளும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. ஒளி வரும் வழி முழுவதும் சிறுசிறு இடைவெளியில், விரிவோடு சேர்ந்து நகரும் பார்வையாளர்களை நிறுத்திவைப்பதாகக் கொள்வோம். ஒருவரைக் கடந்து அடுத்தவரிடம் ஒளி சேரும்போது, அந்த இருவருக்கும் இடையிலான மிகச் சிறிய விலகல் வேகத்துக்கு உரிய மிகச் சிறிய டாப்ளர் பெயர்ச்சியை அது பெறுகிறது. அந்தச் சிறு விகிதங்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே வந்தால், இறுதியில் கிடைப்பது தொலைவுகளின் பெருக்க விகிதமேதான். டாப்ளர் தவறு என்று கரும்பலகையில் எழுதுவது அதனால் நியாயமில்லை. நீண்ட வழிக்கு ஒரே வேகத்தை எழுதுவதுதான் தவறு.

ஈர்ப்புச் செம்பெயர்ச்சி உண்மையான விளைவு. ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரக் கட்டடத்தில் இயற்பியலாளர்கள் பவுண்டும் ரெப்காவும் 1960-ல் அதை அளந்து காட்டினார்கள். சூரியனிலிருந்து வரும் ஒளியில் அதன் அளவு பத்து லட்சத்தில் 2 பங்கு. நொடிக்கு 600 மீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்துக்குச் சமம். இதிலும் கோடைக்கானலுக்குப் பங்குண்டு. ஐன்ஸ்டைன் முன்னறிவித்த இந்தப் பெயர்ச்சியை எவர்ஷெட் இங்கிருந்தே பல ஆண்டுகள் தேடினார். கோடுகள் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தது தெரிந்தது. ஆனால் அது ஈர்ப்பால்தானா என்பதை அன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சூரியப் பரப்பில் கொதித்தெழும் வாயுவின் இயக்கமே நொடிக்குச் சில நூறு மீட்டர் அளவுக்குக் கோடுகளை நீலத்தை நோக்கித் தள்ளுவதால், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. ஒரே கோட்டில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கும்போது பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. விண்மீன் திரள்களைப் பொறுத்தவரை இந்த விடை விரைவில் தள்ளப்படுகிறது. அவற்றின் ஈர்ப்பு தரும் பெயர்ச்சி, அளக்கப்படும் செம்பெயர்ச்சிக்கு முன் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. 1963-ல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசாருக்கு (விண்மீன்போல் புள்ளியாகத் தெரியும், மிகுந்த ஒளியுடைய தொலைதூரப் பொருள்) 0.158 செம்பெயர்ச்சியைக் கண்டபோது இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. மறு ஆண்டே கிரீன்ஸ்டைனும் ஷ்மிட்டும் அதை ஆராய்ந்து, அந்தக் கோடுகள் மிக மெல்லிய வாயுவில் மட்டுமே தோன்றக்கூடியவை, வலுவான ஈர்ப்பில் நெருக்குண்ட வாயுவில் தோன்ற முடியாதவை என்று காட்டி முடித்துவைத்தார்கள்.

சோர்ந்த ஒளிக்குக் கூடுதல் இடம் தர வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு தூரம் வந்த ஒளி வழியிலேயே கொஞ்சம் ஆற்றலை இழந்திருக்காதா என்று பிள்ளைகள் தாமாகவே கேட்கும் கேள்வி அது. வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1929-லேயே அதைக் கேட்டார். 2023-ல், பிரபஞ்சத்தின் வயது 2,670 கோடி ஆண்டுகள் என்று, விரிவையும் சோர்ந்த ஒளியையும் கலந்து கணக்கிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரை செய்திகளில் பரவியபோது அந்தக் கேள்வி மறுபடியும் வீடுகளுக்குள் வந்தது. பதில் சொல்லாமல் கடந்துபோனால், மாணவர் அதை எங்கோ ஒரு காணொளியில் கேட்டு, ஆசிரியர் மறைத்துவிட்டார் என்று எண்ணுவார்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒளி வழியில் ஆற்றலை மட்டும் இழக்கிறது என்றால், கோடுகள் நகரும். ஆனால் தொலைவில் நடக்கும் நிகழ்ச்சியின் கால அளவு மாறாது. பிரபஞ்சம் விரிகிறது என்றால், அடுத்தடுத்துப் புறப்படும் ஒளித்துடிப்புகளின் இடைவெளியும் அதே விகிதத்தில் நீளும். ஆகவே அந்த நிகழ்ச்சியே மெதுவாக நடப்பதாகத் தெரிய வேண்டும். ஒன்று-ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் என்னும் விண்மீன் வெடிப்புகள் ஒளிர்ந்து மங்கும் கால அளவு நன்கு அறியப்பட்டது. 20 நாளில் நடக்க வேண்டிய மங்கல், செம்பெயர்ச்சி 0.5 உள்ள இடத்தில் 30 நாளும், செம்பெயர்ச்சி 1 உள்ள இடத்தில் 40 நாளும் எடுக்க வேண்டும். 1990-களிலேயே இந்த நீட்சி காணப்பட்டது. 2024-ல் இருண்ட ஆற்றல் ஆய்வுத் திட்டத்தின் 1,500 அளவிலான சூப்பர்நோவாக்களைக் கொண்டு அது மிகத் துல்லியமாக உறுதிசெய்யப்பட்டது. வரைபடத்தாளில் இரண்டு ஒளிவளைவுகளை வரையச்செய்து, ஒன்றின் நாள் அச்சை விகிதத்தால் வகுத்தால் மற்றதன்மேல் பொருந்துவதைக் காட்டினால், ஒரு பாடவேளை முழுவதையும் அதற்குத் தரலாம். அவ்வளவு தகுதி அதற்கு உண்டு.

இன்னொரு சான்று வெப்பநிலையிலிருந்து வருகிறது. பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சி வானமெங்கும் பரவியுள்ள நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில், கோபி செயற்கைக்கோள் 1990-ல் காட்டியபடி, மிகச் செம்மையான கரும்பொருள் நிறமாலையோடு, அதாவது வெப்பநிலையை மட்டுமே பொறுத்து வடிவம் அமையும் நிறமாலையோடு, இருக்கிறது. விரிவில், ஒவ்வொரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றலும் குறைகிறது; ஒரு கன அளவிலுள்ள ஃபோட்டான்களின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைகிறது; எனவே கரும்பொருள் வடிவம் குலையாமல் வெப்பநிலை மட்டும் இறங்குகிறது. விரியாத பிரபஞ்சத்தில் ஆற்றல் மட்டும் குறைந்தால் எண்ணிக்கை அப்படியே நின்று, வடிவம் குலைந்துவிடும். கடந்த காலத்தில் அந்தக் கதிர்வீச்சு உண்மையிலேயே வெப்பமாக இருந்ததா என்றும் பார்த்திருக்கிறார்கள். புனேயிலுள்ள ஐயூகா வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்தும் பிரெஞ்சு வானியலாளர்களும் 2008-ல், செம்பெயர்ச்சி 2.42 அளவில் உள்ள ஒரு வாயு மேகத்தின் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைக் கொண்டு, அங்கே 9.15 கெல்வின் என்று அளந்தார்கள். 2.725-ஐ 3.42-ஆல் பெருக்கினால் 9.3 வருகிறது, அளவீட்டின் பிழை வரம்புக்குள் இரண்டும் ஒன்றே.

முத்தோரைத் தொலைநோக்கியின் 1975-ஆம் ஆண்டு முடிவுகளைச் சிலர் இந்த இடத்தில் சான்றாகச் சேர்க்க விரும்பலாம். ஸ்வரூப்பும் கபாஹியும் ரேடியோ மூலங்களின் கோண அளவை அவற்றின் ஒளிர்வோடு ஒப்பிட்டு, பழங்காலப் பிரபஞ்சம் இன்றையதிலிருந்து மாறுபட்டிருந்தது என்று காட்டினார்கள். பிரபஞ்சம் எக்காலத்திலும் ஒரே தோற்றத்தில் இருக்கிறது என்னும் நிலைப்பிரபஞ்சக் கொள்கைக்கு அது பலத்த அடி. ஆனால் நிலைப்பிரபஞ்சக் கொள்கையும் விரிவை ஒப்புக்கொண்ட ஒன்றுதான். ஆகவே, நீலகிரியின் பெருமைக்குரிய அந்தப் பணி, செம்பெயர்ச்சிக்குக் காரணம் எது என்ற இந்த வழக்கில் சாட்சி ஆகாது; பிரபஞ்சத்தின் வரலாறு பற்றிய பாடத்தில் அதை வைப்பதே முறை.

எனவே என் முடிவு இது. முதல் வகுப்பைக் கால்சியம் கோடுகளின் விகிதத்தில் தொடங்கி, அந்த விகிதமே தொலைவுகள் பெருகிய விகிதம் என்று உடனே சொல்லிவிட வேண்டும். முத்தோரைக் கணக்கு அதே வகுப்பில் வர வேண்டும். இரண்டாம் வகுப்பில் சூப்பர்நோவா வளைவுகளோடு சோர்ந்த ஒளியைச் சோதிக்கலாம். டாப்ளரை மூன்றாவதாக, எவர்ஷெட்டோடும் ஆண்ட்ரோமீடாவோடும் சேர்த்து, அருகிலுள்ளவற்றுக்கான சுருக்குவழியாகக் கொண்டுவர வேண்டும். ஈர்ப்பு அதன் பின்னே வரலாம். பதினோராம் வகுப்புப் பாடத்திட்டத்தோடு ஒட்டிப் போக வேண்டிய கட்டாயம் உள்ள ஆசிரியர் டாப்ளரில் தொடங்கினாலும் குற்றமில்லை. ஆனால் அவர் செம்பெயர்ச்சி 0.1-க்கு மேற்பட்ட எந்த எடுத்துக்காட்டையும் அந்த வகுப்பில் வேகமாக மாற்றி எழுதக்கூடாது. வானாய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதாக இருந்தால், முதல் வகுப்புக்கு முன்பே செல்வது நல்லது; அங்கே பார்வையாளர்களுக்குக் காட்டப்படும் சூரிய நிறமாலையின் கருங்கோடுகளைக் கண்ணால் கண்டிருந்தால், 393.4 என்ற எண்ணை வகுக்கும்போது எதை வகுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.